இரண்டு முறை தட்டிய கை

துர்காதேவி எதையும் ஒரு முறை தட்டிவிட்டு நம்புகிறவள் இல்லை. தேங்காயாக இருந்தாலும் சரி, பானையாக இருந்தாலும் சரி, மூடியிருக்கிற கதவாக இருந்தாலும் சரி, இரண்டு முறை தட்டுவாள். பிறவிக் குணம் என்று நினைத்துவிடாதீர்கள். பன்னிரண்டு வருஷ வேலை அவள் கையில் ஏற்றிவிட்ட பழக்கம் அது.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு கம்பெனியில் அவளுக்குத் தரம் பிரிக்கிற வேலை. சூளையில் வெந்து வருகிற பீங்கான் பியூஸ் கட்டைகள் கூடை கூடையாக அவள் மேஜைக்கு வரும். இடது கையில் ஒரு கட்டையை எடுப்பாள், வலது கையில் இருக்கிற சின்ன இரும்புக் கம்பியால் தட்டுவாள். ணிங் என்றால் நல்ல கட்டை, இந்தப் பக்கம். டொக் என்றால் உள்ளே விரிசல், கண்ணுக்குத் தெரியாது, அந்தப் பக்கம். ஆனால் ஒரு தட்டில் முடிவு சொல்லக் கூடாது. இரண்டாவது தட்டும் அதையே சொன்னால்தான் கட்டை மேஜையை விட்டு நகரும். சூப்பர்வைசர் தங்கதுரை போட்ட சட்டம் அது. எந்தக் காலத்திலோ விரிசல் விட்ட கட்டை ஒன்று தப்பிப் போய், கம்மாபுரம் பக்கம் ஒரு லைன்மேனின் கையைக் கருக்கிவிட்டதாம். அன்றிலிருந்து அந்த மனுஷர் மேஜைகளுக்கு நடுவே நடந்தால் வாயில் ஒரே மந்திரம்தான்: "ரெண்டு வாட்டி தட்டு, ரெண்டு வாட்டி தட்டு."

துர்கா பார்த்து அனுப்பிய கட்டை ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. தங்கதுரையே இதைச் சொல்வார், அதுவும் சரக்கு வாங்குகிற வெளியூர் பார்ட்டிகள் வந்திருக்கிறபோது சத்தமாகச் சொல்வார். துர்காவுக்கு அந்தப் பெருமையில் பெரிய பிடிப்பு இல்லை. அவள் மனசெல்லாம் வீட்டில் பீரோவுக்குப் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு அடுக்கிக் கிடந்த புத்தகங்களில் இருந்தது. பதினோரு வருஷமாக சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒரு முறை இரண்டே கேள்வியில் வேலை கைநழுவிப் போனது. அந்த இரண்டு கேள்வியையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதிலோடு சொல்வாள்.

அவள் புருஷன் விமல்ராஜ் மினிபஸ் டிரைவர். விருத்தாசலத்துக்கும் கருவேப்பிலங்குறிச்சிக்கும் ஒரு நாளைக்கு ஏழு நடை. நல்ல மனுஷன். குடிக்க மாட்டான், கை ஓங்க மாட்டான். பெண்டாட்டி படிக்கிறாள் என்றால் டிவி சத்தத்தைக் குறைத்துவைக்கிற ரகம். ஆனால் பதினோரு வருஷம் என்பது நல்ல மனுஷனுக்கும் நீளம்தான். கடைசியாக ரிசல்ட் வந்த அன்றைக்கு, சோற்றைப் பிசைந்துகொண்டே, கோபமில்லாமல் சொன்னான்.

"போதும் துர்கா. யுவஸ்ரீ ஆறாவதுக்கு வந்துட்டா. நீ கம்பெனி வுட்டா புக்கு, புக்க வுட்டா கம்பெனின்னு கெடக்கற. ஒடம்பு என்னாத்துக்கு ஆவும்? எல்லாத்தையும் பழைய பேப்பர் கடையில போட்டுட்டு நிம்மதியா இரு."

அந்த வாரத்தில்தான் டிவி விஷயம் வந்தது.

சென்னையில் ஒரு சேனலில் 'வித்தகனை வெல்' என்று ஒரு நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார்கள். வித்தகன் ஆள் இல்லை, கம்ப்யூட்டர். மேடையில் நீல விளக்குத் தூணாக நிற்கும், கேள்வி கேட்டால் கணீர் என்று பதில் சொல்லும். அதற்கு எதிரே இரண்டு மனிதர்கள். பதினாறு வாரம் ஓடியிருந்தது, பதினாறு வாரமும் தூண்தான் ஜெயித்திருந்தது. ஊரே அதை வேடிக்கையாகப் பார்த்தபோது துர்கா பேனாவும் நோட்டுமாகப் பார்த்தாள். வித்தகன் சொன்ன பதில்களில் முக்கால்வாசி அவளுக்கும் தெரிந்திருந்தது. அதுவும் கேள்வியைப் பாதி படிக்கும்போதே தெரிந்திருந்தது. யுவஸ்ரீ தன் கூட்டாளிகளிடம் போய், "எங்க அம்மா அந்த தூணுக்கு முன்னாடியே சொல்லிடும்," என்று பீற்றிக்கொள்வாள்.

பக்கத்து மேஜை ஆதிலட்சுமிதான் சாப்பாட்டு நேரத்தில் சேனல் நம்பரைப் போட்டுப் போனை அவள் கையில் திணித்தவள். போனிலேயே இருபது கேள்வி கேட்டார்கள். பத்தொன்பது சரி. மூன்றாம் நாள் சென்னைக்கு வரச்சொல்லி அழைப்பு வந்துவிட்டது.

அன்றைக்கு அவளே பேச்சை எடுத்தாள். "ஏங்க, ஜெயிச்சேன்னா பரிசுப் பணத்துல ஒரு வருசம் வூட்டுச் செலவு ஓடிரும். கம்பெனிக்குப் போவாம வூட்ல ஒக்காந்து படிக்கறேன். தோத்துட்டா நீங்க சொன்ன மாதிரி புக்கெல்லாம் கடையில போட்டுடலாம். அப்பறம் பரீட்சைங்கற பேச்சே எடுக்க மாட்டேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

கம்ப்யூட்டரிடம் யாராவது ஜெயிக்க முடியுமா என்று கேட்க வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, பாத்துக்கலாம்," என்றான். வார்த்தை கொடுத்தாகிவிட்டது.

விமல்ராஜுக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் தனியாகவே ரயிலேறிப் போனாள். ஸ்டுடியோவில் ஏசி குளிரில் பல் கிட்டிக்கொண்டது. கையில் அட்டையோடு ஒரு பெண் வந்து விதிகளை ஒப்பித்தாள். சரியான பதிலுக்குப் பத்து, தப்பான பதிலுக்கு மைனஸ் பத்து. கேள்வி முழுசாக முடிந்த பிறகுதான் வித்தகன் பதிலுக்கு வரும். மனிதர்கள் நடுவிலேயே சிவப்புப் பொத்தானை அழுத்தலாம். அழுத்தினால் முன்னால் இருக்கிற விளக்கு எரியும், மைக் உயிர் பெறும், பதில் சொல்லலாம். ஆனால் அவசரப்பட்டு அழுத்திவிட்டு, கேள்வி வேறு பக்கம் போய்விட்டால்? அதற்கும் மனிதர்களுக்கு ஒரு சலுகை வைத்திருந்தார்கள். பொத்தானை இன்னொரு முறை அழுத்தினால் விலகிக்கொண்டதாக அர்த்தம். விளக்கு அணையும், மைக்கும் அணையும், மார்க் குறையாது. வாய்ப்பு மற்றவர்களுக்குப் போய்விடும். வித்தகனுக்கு இந்தச் சலுகை கிடையாது. டிவிக்காரர்களின் தாராள மனசைப் பாருங்கள்.

ஒத்திகை பார்த்தபோது துர்கா அழுத்தினாள். விளக்கு எரிந்தது, உடனே அணைந்தது.

"மேடம், ரெண்டு முறை அழுத்திட்டீங்க."

மறுபடி அழுத்தினாள். மறுபடியும் எரிந்து அணைந்தது. "பன்னெண்டு வருசமா தட்டற வேலைங்க, அதான் கை தானா போவுது," என்று சொல்லிச் சிரித்தாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. அட்டையில் அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

துர்காவே ஒரு வழி கண்டுபிடித்தாள். பொத்தானை ஒரு முறை அழுத்தியதும் அந்தக் கையாலேயே புடவைக் கொசுவத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வது. புடவை கையில் இருந்தால் பொத்தானுக்குப் போக முடியாது இல்லையா? நாலைந்து முறை செய்து பார்த்தாள், சரியாக வந்தது.

நிகழ்ச்சி தொடங்கியது. இன்னொரு போட்டியாளர் மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு பேங்க் ஆபீசர். மனுஷர் பதற்றத்தில் மூன்று தப்பு சொல்லி மைனஸில் போய் உட்கார்ந்துகொண்டார். துர்கா பதறவில்லை. தொகுப்பாளர், "சூரியக் குடும்பத்தில், தன்னைத் தானே ஒரு முறை சுற்றிக்கொள்ள எடுக்கும் நேரம்," என்று ஆரம்பித்தவுடனே அழுத்தினாள், புடவையைப் பிடித்தாள். "வெள்ளி. அது சூரியனச் சுத்தற நேரத்த விட தன்னைத் தானே சுத்தறதுக்கு அதிக நாள் எடுத்துக்கும்ங்க," என்றாள். கைதட்டல் எழுந்தது. அடிப்படைக் கடமைகள் பற்றிய கேள்வியில் எந்தத் திருத்தம் என்ற வார்த்தை வருவதற்குள் நாற்பத்திரண்டு என்று முடித்துவிட்டாள். அவள் எட்டு முறை அழுத்தினாள், எட்டு முறையும் புடவையைப் பிடித்தாள். ஒரு பதில்தான் தப்பு. பதினாலு கேள்வி முடிந்தபோது பலகையில் அவளுக்கும் அறுபது, வித்தகனுக்கும் அறுபது.

பதினாறு வாரத்தில் அந்தத் தூணுக்குப் பக்கத்தில் யாரும் இவ்வளவு நெருங்கி வந்ததில்லை. கூட்டம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டது. தொகுப்பாளர் கடைசிக் கேள்வியைக் கையில் எடுத்தார். ஒரே கேள்வி. ஒரு வருஷம் வீட்டில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, சூளைத் தூசி இல்லாமல், விடிந்ததிலிருந்து படிக்கலாம். இந்த முறை அந்த இரண்டு கேள்வியை விட மாட்டாள்.

"மின்சாரச் சாதனங்களுக்கான பீங்கான் பொருள்கள்," என்று தொகுப்பாளர் படித்தார், "சூளையிலிருந்து வெளியே வந்ததும், அவற்றின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல்..."

அவளுக்குச் சந்தோஷத்தில் கண்ணே இருட்டிவிட்டது. இது அவள் மேஜை. உலகத்தில் இருக்கிற கேள்வியெல்லாம் விட்டுவிட்டு அவள் மேஜையைத் தேடிக்கொண்டு வந்த கேள்வி. அந்த நிமிஷத்தில் ஸ்டுடியோவும் தூணும் புடவையும் எல்லாம் மறந்துபோய், பீங்கானும் கையும் மட்டும் இருந்தன. பீங்கானுக்கு முன்னால் அந்தக் கை என்ன செய்யுமோ அதைச் செய்தது. தட்டியது. உடனே இன்னொரு முறை தட்டியது.

"தட்டிப் பாக்கணும்ங்க, நல்லதுன்னா ணிங்குன்னு..." என்று அவள் பேசிக்கொண்டே இருந்தாள். தன் குரல் அரங்கத்தில் கேட்கவில்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. விளக்கு அணைந்திருந்தது. தொகுப்பாளர் உள்ளங்கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"துர்காதேவி விலகிக்கிட்டாங்க. கேள்வியை முழுசா வாசிக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருப்பதை, எந்த இயந்திரத்தின் உதவியும் இல்லாமல், தொழிலாளர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?"

நீலத் தூண் ஒரு முறை மின்னியது. "லேசாகத் தட்டி ஒலியைக் கேட்பார்கள்," என்றது வித்தகன். "விரிசல் இல்லாத பீங்கான் மணி போல ஒலிக்கும். விரிசல் இருந்தால் ஒலி மந்தமாக இருக்கும்."

ஒரு கட்டையைக்கூட ஜென்மத்தில் தொட்டிராத அது, ஒரு பிசிறு இல்லாமல் சொல்லி முடித்தது. கூட்டம் கைதட்டியது. துர்கா மேடையை விட்டு இறங்கி அட்டைப் பெண்ணிடம் போய், "எனக்குத் தெரியும்ங்க, கை தவறிப் போச்சுங்க, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க," என்று கெஞ்சினாள். "ரூல்ஸ் மேடம்," என்றாள் அந்தப் பெண். அவள் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதன் பிறகு ஒரு தாளை நீட்டினாள். ஒளிபரப்பாகும் வரைக்கும் முடிவை வீட்டு ஆட்களிடம்கூடச் சொல்லக் கூடாது என்று அதில் இருந்தது. துர்கா கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் கிளாம்பாக்கத்தில் பஸ் பிடித்து, விருத்தாசலத்துக்குத் திரும்புகிற வேப்பூரில் இறங்கினாள். விமல்ராஜ் வண்டியோடு காத்திருந்தான்.

"என்னா ஆச்சு?"

"சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க."

அவன் அவளை உற்றுப் பார்த்தான். முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு பரவியது. "தோத்தவங்ககிட்ட எதுக்குடி கையெழுத்து வாங்கப் போறாங்க," என்றான். ரோட்டோர ஓட்டலுக்கு அழைத்துப் போய்ப் பரோட்டாவும் ஆம்லெட்டும் வாங்கிக் கொடுத்தான். அவள் சாப்பிடவில்லை என்பதையும் அவன் ஜெயித்த கணக்கில்தான் எழுதிக்கொண்டான்.

சொல்லியிருக்கலாம். புருஷனிடம் சொன்னால் எந்த டிவிக்காரனுக்குத் தெரியப்போகிறது? கையெழுத்து போட்டேன், வாக்கு கொடுத்தேன் என்று அவள் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். உண்மை அது இல்லை. ஒளிபரப்புக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் புத்தகங்கள் பீரோவுக்குப் பக்கத்தில் இருக்கும். அவளுக்கு அது வேண்டியிருந்தது.

அந்த மூன்று வாரத்தைப் போல அவள் வாழ்க்கையில் முன்னும் இல்லை, பின்னும் இருக்கப்போவதில்லை. விமல்ராஜ் காலையில் தானே இட்லி ஊற்றினான். "நீ படி, ஒனக்குத்தான் இனிமே அதான வேல," என்றான். யுவஸ்ரீ பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டாள், அவள் பதில் சொன்னாள். கம்பெனியில் முதலாளி கூப்பிட்டுக் கைகொடுத்தார். வெளியூர் பார்ட்டிகளுக்கெல்லாம் போன் போட்டு, நம்ம செக்கிங் பொண்ணு டிவியில வருது, தவறாமப் பாருங்க என்று சொல்லிவைத்தார். துர்கா எவ்வளவு வாடிய முகத்தோடு நின்றாலும், "நல்லா நடிக்கறா," என்று ஆதிலட்சுமி இடுப்பில் கிள்ளினாள். எல்லோருடைய சந்தோஷத்தையும் கடனாக வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பது போல அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வீட்டுக்குப் போனதும் புத்தகத்தைத்தான் எடுத்தாள்.

ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முதலாளி கம்பெனி குடோனிலேயே பெரிய டிவியைக் கொண்டுவந்து வைத்தார். கேசரியும் பக்கோடாவும் வந்திறங்கின. விமல்ராஜ் இஸ்திரி போட்ட சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்தான், பக்கத்தில் யுவஸ்ரீ. துர்கா பின்னால் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் ஒவ்வொரு பதிலாகச் சொல்லச் சொல்ல குடோன் அதிர்ந்தது. அறுபதுக்கு அறுபது என்று வந்தபோது முதலாளியே எழுந்து நின்றுவிட்டார்.

கடைசிக் கேள்வி பீங்கான் என்று ஆரம்பித்ததும் குடோன் முழுக்க ஓர் ஓ என்ற சத்தம் எழுந்தது. ஜெயித்தாகிவிட்டது என்ற சத்தம்.

டிவியில் அவள் கை ஒரு முறை இறங்கியது, இன்னொரு முறை இறங்கியது. ஆதிலட்சுமி மட்டும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். விளக்கு அணைந்தது. துர்கா பேசியதையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். வெறித்த முகம் ஒன்று மட்டும் திரையில் நின்றது. அதன் மேல் சோகமான வயலின் ஒன்றைப் போட்டு, தொகுப்பாளரின் குரலையும் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். "பீங்கான் நகரத்திலிருந்து வந்தவர், பீங்கான் கேள்விக்கே பயந்து பின்வாங்கிவிட்டார்."

அதற்கப்புறம் வித்தகன் பதில் சொன்னது. யாரோ டிவியை அணைத்தார்கள்.

"இது தெரியாதா ஒனக்கு?" என்றார் முதலாளி. கோபமாகக்கூடக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"தெரியும்ங்க. கை பழக்கத்துல ரெண்டு வாட்டி தட்டிடுச்சுங்க. ரெண்டாவது வாட்டி தட்டுனா வெலகிட்டதா அர்த்தமாம்ங்க."

"ஆமாங்க மொதலாளி," என்று ஆதிலட்சுமி எழுந்தாள். "நாங்க அப்பிடித்தான தட்டறோம். எனக்குப் பாத்த ஒடனே தெரிஞ்சிடுச்சு."

"அப்ப மத்த எட்டு கேள்விக்கும் ஒரு வாட்டிதான அழுத்துச்சு? நாமெல்லாம் பாத்தமே. பழக்கம்னா எல்லாத்துக்கும் இருக்கணும். தெரிஞ்ச கேள்விக்கு ஒரு தட்டு, தெரியாத கேள்விக்கு ரெண்டு தட்டா?" என்றார் முதலாளி.

ஆதிலட்சுமி உட்கார்ந்துவிட்டாள். மற்ற கேள்விகளில் நினைப்போடு அழுத்தினேன், இது என் வேலை என்றதால்தான் நினைப்பு தப்பிப்போனது என்று துர்காவுக்குச் சொல்ல வேண்டும். மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். தோற்றவர்கள் எல்லோரும் சொல்லுகிற சாக்கு மாதிரியேதான் அவளுக்கே அது கேட்டது. தங்கதுரை சுவரோரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தட்டுச் சட்டத்தைப் போட்ட அந்த மனுஷர் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் துர்கா ஒரு டம்ளரைக் கவிழ்த்துவைத்து, கரண்டியால் தட்டிக் காட்டினாள். "பாருங்க, தானா ரெண்டு வாட்டி போவுது. நெனச்சு நிறுத்துனாத்தான் நிக்கும்."

விமல்ராஜ் டம்ளரையும் பார்த்தான், அவளையும் பார்த்தான். "சரி வுடு துர்கா," என்றான். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டுப் போ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவன் திட்டியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். குழந்தைக்குச் சொல்லுவது போலச் சொன்னபோது டம்ளரை எடுத்து அலமாரியில் வைத்தாள். இந்த உலகத்தில் அவளுக்கு எல்லாவற்றையும் விட நன்றாகத் தெரிந்த ஒரே விஷயம், அவளுக்குத் தெரியாது என்று ஆகிவிட்டது. இனி எந்தப் பரீட்சையில் எழுதி அதை மாற்ற முடியும்?

புத்தகங்களைப் பற்றி அவன் பேச்செடுக்கவே இல்லை. மூன்று நாள் கழித்து அவளே கயிறு போட்டுக் கட்டினாள். வார்த்தை வார்த்தைதான். அவன் மினிபஸ்ஸின் கடைசி சீட்டில் கட்டுகளை ஏற்றிக் கொண்டுபோய்ப் பழைய பேப்பர் கடையில் இறக்கினான். பீரோவுக்குப் பக்கத்துச் சுவரில் புத்தகம் உரசிய இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அன்றைக்கு யுவஸ்ரீ வீட்டுப் பாடம் எழுதும்போது ஒரு சந்தேகத்துக்கு அம்மா பக்கம் திரும்பினாள். என்ன நினைத்தாளோ, போனை எடுத்து அதனிடம் கேட்டாள். பதில் சரியாகத்தான் வந்தது.

அதோடு முடிந்தது என்றுதான் துர்கா நினைத்தாள். அடுத்த வாரம் தங்கதுரை அவள் மேஜைக்கு வந்து நின்றார்.

"நீ நாளையிலேர்ந்து பேக்கிங்ல இரும்மா."

"ஏண்ணே, நான் என்னா தப்பு பண்ணுனேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. பார்ட்டிங்க போன் பண்ணிச் சிரிக்கறாங்களாம். ஒங்க செக்கிங் பொண்ணுக்கே செக்கிங் தெரியலயேன்னு கேக்கறாங்களாம். மொதலாளிதான் மொதல்ல எல்லார்கிட்டயும் பாருங்க பாருங்கன்னு சொன்னாரு. இப்ப அவருக்குத் தலை காட்ட முடியல."

"ஒங்களுக்குத் தெரியும்லண்ணே."

"எனக்குத் தெரிஞ்சு என்னா ஆவப்போவுது," என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். கம்பியை மேஜை மேல் வைத்துவிட்டு அவளும் எழுந்தாள்.

பேக்கிங் என்றால் கட்டையைப் பழைய தாளில் சுற்றி, வைக்கோல் பரப்பிய பெட்டியில் அடுக்க வேண்டும். அதற்குக் காது தேவையில்லை, கை போதும். தாள் வருவது ஊருக்குள் இருக்கிற அதே பழைய பேப்பர் கடையிலிருந்துதான். பத்து நாள் வரைக்கும், பென்சிலால் அடிக்கோடு போட்ட பக்கங்கள் கலந்து வந்தன. நதிகள், திருத்தச் சட்டங்கள், ஓரத்தில் அவள் கையெழுத்தில் 'முக்கியம்' என்ற குறிப்பு. முதல் நாள் அவற்றைத் தனியாக எடுத்து வைக்கப் பார்த்தாள். வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்புறம் மற்ற தாளோடு சேர்த்து அவற்றையும் சுற்றத் தொடங்கினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், இரண்டு கட்டைகளைச் சேர்த்து எடுத்தபோது ஒன்றோடொன்று லேசாக இடித்துக்கொண்டன. டொக். அவள் கை நின்றுவிட்டது. கம்பி இல்லாததால் இரண்டையும் தனித்தனியாக விரல் கணுவால் தட்டினாள், இன்னொரு முறையும் தட்டினாள். ஒரு கட்டை மட்டும் இரண்டு முறையும் டொக். கட்டையை எடுத்துக்கொண்டு தங்கதுரையைத் தேடிப் போனாள். லோடு ஏற்ற லாரி வாசலில் நின்றது. அவர் சீட்டும் பேனாவுமாக அவசரத்தில் இருந்தார்.

"அண்ணே, இதுல விரிசல் இருக்குதுண்ணே. மேஜையில தப்பிடுச்சு போல."

லாரி டிரைவர் அவளைப் பார்த்துவிட்டு, "டிவியில வந்தது இவங்கதான?" என்று கேட்டான். தங்கதுரை கட்டையை வாங்கினார். கையிலிருந்த பேனாவால் ஒரு முறை தட்டினார். லாரி என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அவருடைய பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேனா மறுபடி எழவில்லை.

"நல்லாத்தான் இருக்குது. போயி வேலையப் பாரு," என்று கட்டையை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

அவள் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். கட்டை மடியில் கிடந்தது. பெட்டி நிரம்பவில்லையா என்று வாசலிலிருந்து குரல் வந்தது. அடுக்கிலிருந்து ஒரு தாளை உருவினாள், கட்டையை அதில் சுற்றினாள், வைக்கோலுக்குள் வைத்து மூடியை ஆணி அடித்தாள்.